மட்டக்களப்பில் ஒரு பழைய எம்ஜி மிட்ஜெட்டை ஓட வைப்பது: ஸ்பனர் பிடித்துப் பழகாதவர்களுக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காரை வாங்கிய கையோடு முழுசாகக் கழற்றிப் போடாதீர்கள். இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு சனி, ஞாயிறில் மிட்ஜெட் ஒன்றை எலும்பும் தோலுமாக்கிவிடலாம், அது பெரிய வித்தை இல்லை. பூட்டுவதுதான் வித்தை. நான் முதலில் பார்க்கப் போன இரண்டு கார்களும் அப்படித்தான் கிடந்தன. யாரோ ஆசையோடு கழற்றியிருக்கிறார்கள், நட்டும் போல்ட்டும் ஒரே உரப்பையில், கதவு ஒரு வீட்டில், முன் கண்ணாடி மச்சான் வீட்டில். எது எங்கே போகும் என்று கேட்டால் கழற்றியவருக்கே தெரியவில்லை. மூன்றாவதாகக் கிடைத்ததுதான் இப்போது என்னிடம் இருப்பது: 1965ஆம் ஆண்டு மிட்ஜெட், அக்கரைப்பற்றுப் பக்கம் ஓர் அரிசி ஆலையின் பின்கொட்டிலில் தவிட்டு மூட்டைகளுக்கு நடுவே நின்றது. அதில் கைவைத்துப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மெக்கானிக் இல்லை, கணக்கு எழுதிப் பிழைக்கிறவன்.

ஸ்போர்ட்ஸ் கார் என்ற பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். மிட்ஜெட் 1961 முதல் 1979 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட இரண்டு பேர் கார். கடைசி சில வருடங்களில் வந்தவற்றில் டிரையம்ஃப்பின் 1500 என்ஜின், மற்றதெல்லாம் ஏ-சீரிஸ் என்ஜின். 1951இல் ஒஸ்டின் ஏ30 காரோடு வந்த அந்த என்ஜின்தான் பிறகு மினியிலும் மொறிஸ் மைனரிலும் ஏறியது. அதாவது நம் ஊரில் ஒரு காலத்தில் மாப்பிள்ளை ஏற்றிப் போன மொறிஸ் மைனரும் என் மிட்ஜெட்டும் ஒரே குடும்பம். மிட்ஜெட்டில் எஸ்.யு. கார்பரேட்டர் இரண்டு, ஹெட்டும் கம்ஷாஃப்ட்டும் கொஞ்சம் வேறு. பிளக்குக்கு நெருப்புக் கொடுக்க உதவும் பொயின்ட், கொண்டென்சர், அதோடு வோட்டர் பம்ப், பல கஸ்கட்கள் எல்லாம் கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் “மொறிஸ் மைனர் சாமான்” என்று கேட்டால் வெளியே வரும். “ஸ்போர்ட்ஸ் காருக்கு” என்று வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள், அதே சாமானுக்கு விலை வேறாகிவிடும்.

இந்தக் காரைத் தொட ஆள் யார் என்பது அடுத்த கேள்வி. புதுக் கார் கராஜ்காரர்கள் கம்ப்யூட்டர் சொருக இடம் இல்லாத வண்டியைப் பார்த்துச் சிரிப்பார்கள், அவர்களிடம் போக வேண்டாம். சம்மாந்துறை, அக்கரைப்பற்று, செங்கலடிப் பக்கம் வயல்காரரின் உழவு மிசின் திருத்தும் வயசான பாஸ்மாரைத் தேடுங்கள். பழைய பெர்குசன், மேசி பெர்குசன் மிசின்களில் இருப்பதும் அதே லூக்காஸ் கம்பனி டைனமோ, அதே அங்குலப் புரி போட்ட போல்ட்கள். மிட்ஜெட்டை அவர்கள் முன்பின் பார்த்திருக்க மாட்டார்கள், ஆனால் அதற்குள் இருப்பதையெல்லாம் நாற்பது வருடமாகப் பார்த்து வருகிறவர்கள்.

வாங்குவதற்கு முன்

முதல் வேலை காகிதம். சி.ஆர். எனும் வாகனப் பதிவுப் புத்தகத்தில் உள்ள சேசிஸ் இலக்கமும் என்ஜின் இலக்கமும் காரில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். இத்தனை வருடத்தில் யாராவது மொறிஸ் மைனர் என்ஜினைத் தூக்கி உள்ளே வைத்திருக்கலாம், அது குற்றமில்லை, ஆனால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றிப் பதிந்திருக்க வேண்டும். புத்தகம் இல்லை, “பிறகு எடுத்துத் தருகிறேன்” என்றால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வந்துவிடுங்கள். இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ இருக்கும். 1950களின் கடைசியில் எங்கள் ஆட்கள் அந்த எழுத்தை எதிர்த்துத் தமிழ் ஸ்ரீ எழுதி வண்டி ஓட்டினார்கள், இப்போது அதே தகட்டைக் காட்டிப் பழசு என்று கூடுதல் காசு கேட்கிறார்கள். காலம்.

2004 டிசம்பர் 26 அன்று கார் எங்கே நின்றது என்றும் கேளுங்கள். கடல் வந்து போன வளவில் நின்ற கார் என்றால், வெளியே பெயின்ட் எவ்வளவு மினுங்கினாலும் உள்ளே உப்பு இருக்கும். என்னுடையது ஆலைக்குள் நின்றதால் தப்பியது, ஆனால் தவிடு ஈரத்தைப் பிடித்து வைத்திருந்த இடமெல்லாம் தளத் தகடு அப்பளம் போல நொறுங்கியது.

கறல் பார்க்க ஒரு சின்னக் காந்தமும் பழைய ஸ்குரூடிரைவரும் போதும். காந்தம் ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, புட்டிதான் இருக்கிறது. மிட்ஜெட்டுக்குத் தனியாக சேசிஸ் சட்டம் கிடையாது, உடம்பேதான் சட்டம். கதவுக்குக் கீழே இருபுறமும் ஓடும் பெட்டி போன்ற பகுதி, சில் என்பார்கள், அதுதான் காரின் முதுகெலும்பு. அங்கே ஸ்குரூடிரைவர் உள்ளே இறங்கினால் பெரிய வேலை காத்திருக்கிறது. அடுத்து, கதவை மூடிவிட்டு முன் டயருக்குப் பின்னால் ஜக் வைத்து அந்தப் பக்கத்தை மெல்லத் தூக்குங்கள், பிறகு கதவைத் திறந்து பாருங்கள். இறுகிப் பிடித்தால் கார் நடுவில் வளைகிறது என்று அர்த்தம். பின் ஸ்பிரிங் உடம்பில் பூட்டப்படும் இடம், கால் வைக்கும் தளம், கதவுக் கீல் பிடித்திருக்கும் தூணின் அடி, பற்றரித் தட்டு, இவற்றையும் விடாமல் குத்திப் பாருங்கள்.

என்ஜின் ஓடாவிட்டால் கவலைப்பட வேண்டாம். என்ஜினைத் திருத்துவது கறலைத் திருத்துவதைவிட எவ்வளவோ லேசு. புதியவர்கள் இதைத் தலைகீழாக நினைத்து, ஓடுகிற என்ஜினும் உளுத்த உடம்பும் உள்ள காரை வாங்கிவிடுகிறார்கள்.

சாவிப் பெட்டி

மில்லிமீட்டர் ஸ்பனர் பெட்டியைத் தள்ளி வையுங்கள். இந்தக் காரில் பெரும்பாலும் 7/16, 1/2, 9/16 அங்குல நட்கள். 1/2 அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர், 13ஆம் நம்பர் ஸ்பனர் போகத்தான் செய்யும், ஆனால் அந்தச் சின்ன இடைவெளி போதும், கறல் பிடித்த நட்டின் மூலைகளை உருட்டிவிட. அங்குல ஸ்பனர் செட் ஒன்று, சின்ன இடைவெளிகளை அளக்கும் தகடுகளான ஃபீலர் கேஜ், 12 வோல்ட் பல்பில் இரண்டு வயர் வைத்துச் செய்த டெஸ்ட் லைட், உறுதியான ஜக் ஸ்டான்ட் நாலு. ஜக் ஸ்டான்ட் வாங்க மனமில்லாமல் சீமெந்துக் கல் அடுக்கிக் காருக்கு அடியில் படுக்காதீர்கள், அந்தக் கல் சொல்லாமல் கொள்ளாமல் உடையும்.

எதைக் கழற்றினாலும் முதலில் போனில் படம், பிறகு ஸ்பனர். கழற்றிய போல்ட்டை முடிந்தால் அதே ஓட்டையில் இரண்டு புரி திருப்பி விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு வேலைக்கு ஒரு யோகட் கோப்பை, மேலே டேப் ஒட்டி எங்கே உள்ளது என்று எழுதுங்கள். ஒரு கோப்பை காலியாகாமல் அடுத்த வேலையில் கை வைப்பதில்லை என்று நான் வைத்த சட்டம்தான் இந்தக் காரை முடிக்க வைத்தது.

என்ஜினை எழுப்புவது

வருடக்கணக்கில் நின்ற என்ஜினுக்குப் பற்றரி பூட்டி ஸ்டார்ட்டரை இழுக்காதீர்கள். நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் டீசலும் என்ஜின் ஒயிலும் கலந்து இரண்டு மேசைக்கரண்டி ஊற்றி ஒரு கிழமை விடுங்கள். பிறகு நாலாம் கியரில் போட்டு, பிளக் இல்லாமலேயே, காரை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுங்கள். என்னுடையது முதல் கிழமை அசையவில்லை, இரண்டாவது கிழமை ஒரு சின்னச் சத்தத்தோடு விட்டுக்கொடுத்தது. சுற்றத் தொடங்கியதும் பழைய ஒயிலை இறக்கி, ஃபில்டர் மாற்றி, 20டபிள்யூ-50 ஒயில் ஊற்றி, இன்னும் பிளக் பூட்டாமல் ஒயில் பிரஷர் முள் எழும்பும் வரை ஸ்டார்ட்டரால் சுற்றுங்கள்.

பற்றரி பூட்டும் இந்த இடத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

நமக்குத் தெரிந்த எல்லா வாகனத்திலும் பற்றரியின் மைனஸ்தான் பொடிக்கு, அதாவது காரின் இரும்பு உடம்புக்கு. நானும் அப்படியே பூட்டினேன். ஸ்டார்ட்டர் சுற்றியது, லைட் எரிந்தது, எல்லாம் சரி என்று நினைத்தேன். பிறகு என்ஜின் பிடித்து நாலைந்து தடவை ஓடியபோது, டைனமோவைப் பற்றரியோடு தொடுக்கவும் துண்டிக்கவும் செய்யும் கட்அவுட் பெட்டிக்குள் புகை. சம்மாந்துறையிலிருந்து ஒரு மிசின் பாஸைக் கூட்டிவந்தேன். அவர் பொனட்டைத் திறந்து, தொடாமல், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு நிமிடம் பார்த்தார்.

“தம்பி, பற்றரி ஆரு பூட்டின?”

“நான்தான் காக்கா.”

“மைனஸ பொடிக்குக் குடுத்திருக்கீங்க. இது பிளஸ் பொடி. பழைய சாம்பல் பெர்குசனும் இப்படித்தான். டைனமோ ஒரு பக்கம் தள்ளுது, பற்றரி மறுபக்கம் தள்ளுது, நடுவுல கட்அவுட் என்ன செய்யும்?”

1967 வரை வந்த மிட்ஜெட்கள் பிளஸ் பொடி. பொனட்டுக்கு அடியில் எங்காவது அதைச் சொல்லும் ஸ்டிக்கர் இருந்திருக்கும், அறுபது வருடத்தில் அது இருக்காது. காக்கா கட்அவுட் பெட்டியின் மூடியைத் திறந்து, ஒட்டிக்கொண்டிருந்த கட்அவுட் பொயின்ட்களைச் சின்ன அரத்தால் பிரித்துத் தேய்த்தார். பற்றரியை மாற்றிப் பூட்டினார். டைனமோவின் ‘எஃப்’ முனையில் இருந்த வயரைக் கழற்றிவிட்டு, பற்றரியின் பொடிக்குப் போகாத முனையிலிருந்து ஒரு வயர் எடுத்து அந்த முனையில் இரண்டு மூன்று தரம் தட்டித் தட்டி எடுத்தார், சின்னப் பொறி பறந்தது. டைனமோவுக்குள் இருக்கும் காந்தத்துக்குத் திசை சொல்லிக் கொடுக்கிற வேலை அது. பற்றரியின் திசையை எப்போது மாற்றினாலும் இதைச் செய்ய வேண்டும்.

சரி, அப்புறம் கம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம். கேஜ் இரவல் வாங்கி நாலு சிலிண்டரையும் பாருங்கள். எண் எவ்வளவு என்பதைவிட நாலும் ஒன்றுக்கொன்று கிட்ட நிற்கின்றனவா என்பதுதான் முக்கியம். ஒன்று மட்டும் விழுந்து கிடந்தால் அதற்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வ் சரியாக உட்காரவில்லை. வால்வ் என்றால் ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டும். அப்போது லேத் பட்டறையில் எக்ஸோஸ்ட் வால்வுக்குக் கடினமான சீட் போட்டுக் கொள்ளுங்கள். இந்த என்ஜின் ஈயம் கலந்த பெற்றோலுக்காகச் செய்தது, இலங்கையில் அது 2002இல் நின்றுவிட்டது, சாதாரண சீட் மெல்ல மெல்ல உள்ளே தேய்ந்து போகும். திரும்பப் பூட்டும்போது ஹெட் நட்களை நடுவிலிருந்து வெளிப்புறமாக, இரண்டு மூன்று சுற்றில், என் காரில் உள்ள 1098 சி.சி. என்ஜினுக்கு 40 அடி-இறாத்தல் வரை இறுக்குங்கள். கைப்பலத்தை நம்பாதீர்கள், டோர்க் ஸ்பனர் இரவல் கிடைக்கும்.

டப்பட் வைப்பதை, அதாவது வால்வ்களுக்கு மேலே விட வேண்டிய இடைவெளியைச் சரிசெய்வதை மட்டும் யாரிடமும் கொடுக்காமல் நீங்களே செய்யுங்கள், இந்தக் காரில் புதியவர் ஒருவருக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். ரேடியேட்டர் பக்கத்திலிருந்து எண்ணினால் வால்வ்கள் 1 முதல் 8 வரை. கணக்கு ஒன்பது. எட்டாவது வால்வ் முழுதாக அமுங்கித் திறந்து நிற்கும்போது முதலாவதை வையுங்கள், ஆறாவது திறந்து நிற்கும்போது மூன்றாவதை, இப்படித் திறந்திருப்பதும் வைப்பதும் கூட்டினால் ஒன்பது வர வேண்டும். இடைவெளி 0.012 அங்குலம், அதாவது 0.30 மில்லிமீட்டர். பூட்டு நட்டைத் தளர்த்தி, ஸ்குரூவைத் திருப்பி, ஃபீலர் தகட்டை உள்ளே விட்டு இழுங்கள், கட்டித் தயிருக்குள்ளிருந்து கரண்டியை இழுக்கிற மாதிரி மெல்லிய பிடி இருக்க வேண்டும். அந்தப் பிடியோடு நட்டை இறுக்கும்போது ஸ்குரூவும் கூடவே கொஞ்சம் திரும்பிவிடும், அதனால் இறுக்கிய பிறகு இன்னொரு தரம் பார்த்தே தீர வேண்டும். முதல் தடவை எனக்கு இரண்டரை மணித்தியாலம் எடுத்தது, இப்போது இருபது நிமிடம்.

பொயின்ட் இடைவெளி 0.015 அங்குலம், பிளக் 0.025. நெருப்புப் போகும் வரிசை 1, 3, 4, 2, டிஸ்றிபியூட்டர் ரோட்டர் மணிக்கூட்டுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றும். முதல் ஸ்டார்ட்டுக்குப் பழைய டாங்கியின் பெற்றோலை நம்பாதீர்கள், அது வார்னிஷ் ஆகியிருக்கும். ஒரு போத்தலில் புதுப் பெற்றோலும் கொஞ்சம் ரப்பர் குழாயும் போதும், போத்தலை என்ஜினுக்குத் தூரமாகக் கட்டுங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும்.

பிரேக்

என்ஜின் பிடித்ததும் வளவுக்குள் ஒரு சுற்று ஓடிப் பார்க்க மனசு துடிக்கும். பிரேக் முடியாமல் ஓடாதீர்கள். நின்ற காரில் வீல் சிலிண்டர் எல்லாம் இறுகியிருக்கும், ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கும். அப்படி அடைத்தால் பெடலை மிதிக்கும்போது பிடிக்கும், விட்டாலும் விடாது. ஹோஸ், சீல், சிலிண்டர் எல்லாமே புதுசு போடுங்கள், இதில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை. குழாய்க்கு இரும்பைவிடச் செம்பு-நிக்கல் கலவைக் குழாய் நமது கடல் காற்றுக்கு நின்று பிடிக்கும். ஊற்றுவது டொட் 4 பிரேக் ஒயில் மட்டும். ‘ஒயில்’ என்று பெயர் இருக்கிறதே என்று வேறு எந்த ஒயிலையும் ஊற்றினால் சீல் ஊதி எல்லாம் பழுதாகிவிடும், பிரேக் ஒயில் பெயின்ட்டில் சிந்தினால் பெயின்ட் கழன்றுவிடும். பிரேக் குழாயில் காற்று எடுப்பதை மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சில்லில் தொடங்குங்கள், நம் காரில் அது பின் இடது.

தகடு, வயர், பெயின்ட்

சில் மாற்றுவது டிங்கர் பாஸின் வேலை. கேட் அடிக்கிற ராட் வெல்டிங் இந்த மெல்லிய தகட்டை ஓட்டை ஓட்டையாக எரித்துவிடும், மிக் வெல்டிங் உள்ளவரைத் தேடுங்கள். ஆனால் பக்கத்தில் நின்று மூன்று விஷயத்தை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் வெட்ட விடாதீர்கள். வெட்டுவதற்கு முன் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் ஒன்றைத் தற்காலிகமாக ஒட்டுங்கள், இல்லாவிட்டால் கார் வாழைக்காய் போல வளைந்த பிறகுதான் புதுச் சில் ஒட்டப்படும், கதவு இனி எந்தக் காலத்திலும் சரியாக மூடாது. பெற்றோல் டாங்கியையும் பற்றரியையும் வெளியே எடுங்கள். இங்கிலாந்தில் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் இந்தக் காருக்குப் புதுத் தகடுகள் இன்னும் செய்கிறது, ஆனால் கப்பல் கூலியும் வரியும் சேர்த்துப் பார்த்துவிட்டு நான் தளத்தை இங்கேயே மடித்துச் செய்வித்தேன், சில் மட்டும் வரவழைத்தேன். ஒட்டி முடித்த பிறகு சில் பெட்டிக்குள் மெழுகு ஒயில் அடியுங்கள். பழைய என்ஜின் ஒயில் அடிக்கிற வழக்கமும் உண்டு, அடுத்த தடவை அந்த இடத்தில் வெல்டிங் வைக்கிறவர் உங்களைத் திட்டுவார்.

வயரிங் பார்த்துப் பயந்தவர்கள்தான் அதிகம். உண்மையில் லூக்காஸ் வயரில் நிறமே மொழி: மண்ணிறம் பற்றரியிலிருந்து நேரே வருவது, வெள்ளை சாவி போட்டால் வருவது, பச்சை அதுவே ஃபியூஸ் தாண்டி வருவது, நீலம் பெரிய லைட், சிவப்பு சின்ன லைட், கறுப்பு பொடி. இதைச் சுவரில் எழுதி ஒட்டினால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி கறல் பிடித்த பொடித் தொடுப்புகளைச் சேன்ட்பேப்பர் போட்டுச் சுத்தம் செய்வது. லைட் மங்கலாக எரிந்தால் முதலில் அங்கேதான் பாருங்கள், புது பல்ப் வாங்க ஓடாதீர்கள்.

பெயின்ட் கடைசி. மாரியில் அடிக்காதீர்கள், ஈரக்காற்றில் பெயின்ட் பால் ஊற்றின மாதிரி வெளுத்துவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் காய்வது நன்றாக இருக்கும், ஆனால் அந்தக் காற்று மண்ணையும் கொண்டுவரும், அதனால் விடியற்காலையில், தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு அடிக்க வேண்டும். நிறம் மாற்றினால் சி.ஆரிலும் மாற்ற வேண்டும். சீட்டுக்குக் காத்தான்குடியில் தைப்பித்தேன், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, தைக்கத் தெரிந்தவரிடம் பழைய உறையைக் கொடுத்தால் போதும்.

ரோட்டுக்கு இறங்குவது

இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ், பிறகு பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரம். புகைப் பரிசோதனைக்குப் போகும்முன் என்ஜினை நன்றாகச் சூடாக்கி, இரண்டு கார்பரேட்டரும் ஒரே அளவு காற்று இழுக்கிறதா என்று பாருங்கள். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறு முனையைக் கார்பரேட்டர் வாயிலும் வைத்தால் இரண்டின் சீறலும் ஒரே மாதிரிக் கேட்க வேண்டும். எனக்கு இதைக் காக்காதான் காட்டினார்.

முதல் கிழமை வீட்டைச் சுற்றி மட்டும் ஓடுங்கள். நான் கல்லடிக்கும் நாவற்குடாவுக்கும் நடுவிலேயே ஒரு கிழமை ஓடினேன், பிறகுதான் கல்லடிப் பாலம் ஏறினேன், முதல் தடவை பாலத்தின் நடுவில் நின்றும் போனேன், பின்னால் வந்த ஓட்டோக்காரர்தான் தள்ளிவிட்டார். ஹெட் கழற்றியிருந்தால் சில நூறு மைல் ஓடிய பிறகு குளிர்ந்த என்ஜினில் ஹெட் நட்களை மறுபடி இறுக்கிப் பார்த்து டப்பட்டும் வையுங்கள், ஒயிலும் அப்போதே மாற்றுங்கள். முன் சில்லுத் திரும்பும் கிங்பின்னில் கிரீஸ் நிப்பிள்கள் இருக்கின்றன, ஆயிரம் மைலுக்கு ஒரு தரம் கிரீஸ் அடிக்காவிட்டால் அது இறுகித் தேய்ந்துபோகும், மாற்றுவது செலவு.

டிக்கியில் எப்போதும் இருக்க வேண்டியவை: அங்குல ஸ்பனர் நாலு, ஃபீலர் கேஜ், ஒரு போத்தல் தண்ணீர், ஃபேன் பெல்ட், ஒரு பொயின்ட் செட், டெஸ்ட் லைட். கொண்டென்சர் மட்டும் இரண்டு எடுத்து வையுங்கள். இப்போது வருகிற கொண்டென்சரில் புதுசும் பெட்டியிலிருந்தே பழுதாக வரும், பாலத்தில் என்னை நிறுத்தியது அதுதான்.